குடிலில் இருக்கும் செங்கல்

சுரூபம் என் வீட்டில் மாட்டிக்கொண்டது. நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஊர் கட்டிவிட்டது.

ஃபாதர் வர நேரமாகும். உட்காருங்கள். அந்த பெஞ்சில் வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். குடில் பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள், பாலனைப் பார்ப்பார்கள், முழங்கால் போட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் ஒருத்தர்தான் செங்கலைக் கேட்கிறீர்கள். சூசையப்பர் காலடியில் செங்கல் எதற்கு என்று. சரி, சொல்கிறேன். செங்கல் என்னுடையது. குறுக்கே கேட்காதீர்கள், எனக்குப் பிடிக்காது.

என் பெயர் எஸ்தாக்கி. பஸ் டிரைவர். ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது. திருச்செந்தூர் ரூட்டில் எஸ்தாக்கி வண்டி என்றால் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். கையைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறவனுக்கு நான் நிறுத்தினதில்லை. நேரம் என்றால் நேரம்.

திருவருகைக் காலத்தில், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், எங்கள் தெருவில் ஒரு வழக்கம். அன்பியம் தெரியும்தானே? தெருவில் இருக்கிற வீடுகள் சேர்ந்து ஜெபம் பண்ணுகிற கூட்டம். எங்கள் அன்பியத்துக்கு ஒரு சுரூபம். இதோ, இதுதான். ஒரே பலகையில் கழுதை, கழுதை மேல் நிறைமாத மாதா, பக்கத்தில் கோல் பிடித்த சூசையப்பர். பெத்லகேமுக்குப் போகிற வழியில் இடம் தேடுகிறார்கள். இது மேற்குக் கோடியில் புறப்பட்டு வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் தன் கையாலே தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கதவு சாத்தியிருக்கும். வெளியே நின்று கேட்க வேண்டும்: "ஊரில் எங்கும் இடமில்லை. உங்கள் வீட்டில் இடம் உண்டா?" உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பெண் "உண்டு" என்று சொல்லிக் கதவைத் திறந்து கையை நீட்டுவாள். அப்புறம் ஜெபம், பாட்டு, சுண்டல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் சுரூபம் கோயிலுக்கு வந்து குடிலில் ஏறும். அப்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுந்து நின்று, என் கையில் வாங்கினவர் இன்னார் என்று சொல்ல வேண்டும். இன்னார் வீடு, இன்னார் மனைவி என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. வாங்கின கை யாருடையதோ அவர் பேர்.

சட்டங்கள் உண்டு. சுரூபத்தைத் தனியே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. எந்த வீட்டையும் தாண்டக் கூடாது. தாண்டின வீடு பெத்லகேமில் இடமில்லை என்று சொன்ன வீட்டுக்குச் சமம். இதெல்லாம் யார் சொன்னது என்றால், நான்தான். அன்பியப் பொறுப்பு என்னிடம் இருந்தபோது போட்டது. ஒரு வருசம், அப்போது மேற்குக் கோடியில் குடியிருந்த சேசடிமை, சாக்கடைத் தகராறு என்று சொல்லி, பக்கத்து வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மொத்தக் கூட்டத்தையும் திருப்பினேன். பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பது மாதிரி. அவனை அந்த வாசலில் நிறுத்திக் கேட்கவைத்தேன். அழுதுகொண்டே கேட்டான். சட்டம் என்றால் அப்படித்தான்.

இப்போது என் வீட்டைச் சொல்ல வேண்டும். நீளமான ஒரே வீடு. நடுவில் கதவில்லாத ஒரு வாசல் நிலை. இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி, இரண்டுக்கும் தெருவைப் பார்த்துத் தனித்தனி வாசல். கொல்லைப்புறம் அந்தப் பாதியில். வீடு என் மனைவி ரொசாரி பேரில் இருக்கிறது. அவள் அப்பா கொடுத்தது. அதை அவள் சொல்லிக்காட்டுகிறவள் இல்லை. சொல்லாமலே காட்டுவாள்.

ஒரே மகன், கிளமெண்ட். எலக்ட்ரீஷியன். தூத்துக்குடியில் கட்டடம் கட்டுகிற இடத்தில் வயர் இழுக்கப் போனான். அங்கே சிமெண்ட் சட்டி தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தான். கட்டிக்கொண்டான். கோயிலில்தான் கல்யாணம், பிஷப்பிடம் அனுமதி வாங்கி முறையாகத்தான் நடந்ததாம். நான் போகவில்லை. பெண் ஞானஸ்நானம் வாங்கவில்லை. பேரையும் மாற்றவில்லை. பேரைச் சொன்னாலே போதும், எந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். அந்தப் பேரை நான் சொல்வதில்லை.

கல்யாணம் முடிந்து வாசலில் வந்து நின்றார்கள். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. "இங்க இடமில்ல" என்றேன். அடித்தேனா, வைதேனா? வண்டி நிறைந்துவிட்டால் அப்படித்தானே சொல்வோம். வாழ்நாள் பூராவும் சொன்ன வார்த்தை. யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வண்டி நிறைஞ்சா இருந்துச்சு என்று ரொசாரி அப்புறம் பல தடவை கேட்டாள். பெண்கள் அப்படித்தான் கேட்பார்கள். அந்தப் பெண் அழவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பையைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இந்த ஈஸ்டர் முடிந்து திரும்பி வந்தார்கள். கிளமெண்டுக்கு வேலையில் ஷாக் அடித்து வலது கை சரியாக மடங்கவில்லை. டவுனில் இருக்க வழியில்லை. ரொசாரி என்னைக் கேட்கவில்லை. அந்தப் பாதி வீட்டைத் திறந்து, கூட்டி, அடுப்புப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டாள். நான் மறுநாள் செங்கலும் மணலும் இறக்கினேன். நடு நிலையை அடைத்தேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. ஒரு சுவர் வைக்க எதற்குக் கொத்தனார்? நானே வைத்தேன்.

கடைசி வரிசை வைக்கும்போது ரொசாரி தலையணையை இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"என்னையும் சேத்துத்தான் அடைக்கிறீங்க" என்றாள்.

"இந்தப் பக்கம் வா" என்றேன்.

"அந்தப் பிள்ளையப் பேரு சொல்லி ஒரு தடவ கூப்பிடுங்க. வாரேன்."

செங்கலை வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து சாப்பாடு தூக்குவாளியில் வரும். தெரு ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போவாள். ரொசாரி கைப்பக்குவம் கொஞ்சம் மாறியிருந்தது. புளி குறைந்து மிளகு ஏறியிருந்தது. வயதானால் பெண்களுக்கு அளவு மாறும்போலிருக்கிறது. குறை சொல்ல முடியாது. நன்றாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது திருவருகைக் காலம் வந்தது.

சுரூபம் மேற்கிலிருந்து வந்து, இப்போது எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற சேசடிமை கையிலிருந்து என் வீட்டில் இறங்கியது. உள்ளே "உண்டு" சொல்லப் பெண் இல்லை. நானே சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மறுநாள் சாயங்காலம் பாட்டுப் புத்தகத்தோடு எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். அடுத்த வீடு எது? கிளமெண்ட் வீடு. உள்ளேயிருந்து "உண்டு" சொல்ல வேண்டிய பெண் யார்? அவள்.

முட்டி வலிக்கிறது, நாளைக்கு என்றேன். அடுத்த நாள் மழை என்றேன். அதற்கடுத்த நாள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது அன்பியப் பொறுப்பு பெர்னதெத் டீச்சரிடம் இருக்கிறது. கிளமெண்ட் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. வெள்ளையடித்து, புதுத் திரை போட்டுக் காத்திருந்தார்கள். கோபம் வரும்தானே. கிளமெண்டை வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றேன். கிளமெண்ட், அப்பா வந்து கேக்கட்டும், அவரு போட்ட சட்டந்தானே என்று சொல்லி அனுப்பினான். டீச்சர், அப்படியானால் அந்த வீட்டைத் தாண்டி நேரே என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். தாண்டக் கூடாது என்றேன்.

"அப்ப போய்க் கேளுங்க."

"கேக்க மாட்டேன்."

"கேக்கவும் மாட்டீங்க, தாண்டவும் மாட்டீங்க. மாதாவுக்கு ஒங்க வீட்டுலயே பேறுகாலம் பாத்துரலாம்னு இருக்கீங்களோ?"

தெருவே சிரித்தது. நான் கதவைச் சாத்தினேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது. சுரூபத்தைத் தனியே விட்டுப் போகக் கூடாது. மற்ற வருசமென்றால் ரொசாரி இருப்பாள், அன்பியத்தில் யாராவது மாற்றி உட்காருவார்கள். இந்த வருசம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கோபமாம். டீக்கடை போச்சு. சவரம் போச்சு. தாடி வளர்ந்து நானே ஒரு சூசையப்பர் ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக முடியவில்லை. எத்தனையோ வருசமாக ஞாயிற்றுப் பூசை தவறினதில்லை. ஸ்பேர் டியூட்டி போட்டால்கூட விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன். கோயிலில் ஆன்மீகப் புதுப்பித்தல் தியானம் என்று ஒரு சாமியார் வெளியூரிலிருந்து வந்து பேசுகிறார். மனம் திரும்புங்கள், பாதையைச் செம்மையாக்குங்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்கிறது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டத்தை மீறாதவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

பகலெல்லாம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். நான் நாற்காலியில், அவர்கள் மேஜையில். மாதா குனிந்த முகம், ஒன்றும் இல்லை. இந்தச் சூசையப்பர் இருக்கிறாரே, முகத்தைப் பாருங்கள். எத்தனை கதவு தட்டினாரோ, அந்த அலுப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் தட்டுவதை விட்டுவிட்ட முகம் இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். கடைசி ஸ்டாப் வந்தும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் டிரைவருக்கு எப்படி இருக்கும்? அப்படி. ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன், இறங்குமய்யா என்று. பேசுவதற்கு வேறு ஆள் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்கும். ரொசாரி சிரிப்பாள். என்னோடு இருந்த காலத்தில் அவள் அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை. சுவர் மெல்லிசு.

ஃபாதர் ஜெரோம் வந்தார். இப்போது நீங்கள் பார்க்கக் காத்திருக்கிறீர்களே, அவர்தான். வயசு குறைவு. ஆனால் பேச்சில் பிடி கொடுக்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, சுரூபத்துக்கு ஒரு கும்பிடு, எனக்கு ஒரு கும்பிடு.

"அண்ணாச்சி, பூசைக்கு வரலயே."

"சுரூபத்த விட்டுட்டு வரக் கூடாது, ஃபாதர்."

"நான் சொல்லுதேன், வாங்க. ஒரு மணி நேரம் மாதா தனியா இருந்துக்கிடுவாங்க."

சட்டம் சட்டம்தான் என்றேன். சாமியார் சொன்னதற்காக மாற்றினால் அதற்குப் பேர் சட்டமா? சரி, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கேட்பதில் என்ன கஷ்டம் என்றார். ஞானஸ்நானம் வாங்காத கையில் எப்படி ஃபாதர் கொடுப்பது என்றேன். அது நல்ல கேள்வி என்று நினைத்தேன். அவர் மாதாவைக் காட்டினார்.

"பெத்லகேமுக்குப் போகும்போது இவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் யாரு அண்ணாச்சி?"

இதெல்லாம் செமினரியில் சொல்லிக் கொடுப்பார்கள்போலிருக்கிறது. எழுந்து விளக்குக்கு எண்ணெய் விட்டேன். பாவசங்கீர்த்தனம் வேண்டுமானால் இங்கேயே கேட்கிறேன் என்றார். பூசை தவறினது ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சுரூபத்தால் வந்தது, என் கணக்கில் வராது என்றேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டார்:

"அந்தப் பொண்ணு உள்ள இருந்து என்ன சொல்லுமோன்னு பயமா?"

எனக்கு என்ன பயம்? பிரேக் பிடிக்காத வண்டியை ஆட்களோடு புளியமரத்தில் அணைத்து நிறுத்தினவன் நான். பயம் இல்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். தெருவே கூடி நிற்கும். சேசடிமை முதல் ஆளாக நிற்பான். நான் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, இடம் உண்டா என்று கேட்கிறேன். உள்ளேயிருந்து அவள் இடமில்லை என்று சொன்னால்? ஒரு வார்த்தைதானே. அவளுக்குத் தெரிந்த வார்த்தைதான். சுரூபத்தோடு நான் எந்தப் பக்கம் திரும்புவது? அதற்குச் சட்டத்தில் வழி இல்லை. அதைத்தான் யோசித்தேன். யோசிப்பது வேறு, பயம் வேறு.

மூன்றாம் ஞாயிறு வந்தது. கோயிலில் ரோஸ் நிற மெழுகுதிரி ஏற்றுவார்களே, மகிழ்ச்சி ஞாயிறு, அது. முந்தின நாளே மழை பிடித்துக்கொண்டது. இந்த மழை வேறு மாதிரி. ஓட்டில் கல் விழுகிற மாதிரி ஒரே சத்தம். காலையில் பூசையும் தியான முடிவும் சேர்ந்து இருந்தது. தெருவில் எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். கிளமெண்ட் ரொசாரியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். ஜன்னலில் பார்த்தேன். அந்தப் பெண் பூசைக்கு வருகிறவள் இல்லை. அவள் வீட்டில். நான் வீட்டில். தெருவில் வேறு ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி நின்றது. கரண்டு போய்விட்டது. அப்புறம் ஒரு இரைச்சல். காற்று என்று நினைத்தேன். குளத்துக் கரை உடைந்திருக்கிறது. கதவுக்கு அடியில் முதலில் பழுப்பாக ஒரு கோடு வந்தது. துணியை வைத்தேன். துணி மிதந்தது.

கதவைத் திறக்கப் போனேன். மழைக்கு ஊறி, பலகை உப்பி, நிலையில் இறுகிவிட்டது. நிலையில் காலை முட்டுக் கொடுத்து இழுத்தேன், தாழ்ப்பாள் கையோடு வந்தது. ஜன்னலில் கம்பி. கொல்லைக் கதவு அந்தப் பாதியில். போகிற வழியை நான்தான் செங்கல் வைத்து அடைத்திருக்கிறேனே. என் பாதி பள்ளம். தண்ணீர் கணுக்காலில் இருந்தது, பார்க்கப் பார்க்க முட்டிக்கு வந்தது. மேஜை கால் தூக்கி ஆட ஆரம்பித்தது. சுரூபத்தை எடுப்பதற்குள் ஒரு மூலை தண்ணீரில் நனைந்துவிட்டது. உள்ளே எல்லாம் பிளாஸ்டர் மாவு. சூசையப்பர் பாதம் ஒன்று என் கண் முன்னால் பால் மாதிரிக் கரைந்து போனது.

தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றேன். கனம். கீழே வைக்க இடமில்லை. கட்டிலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கை விட்டுவிடும். விட்டால் மாதாவும் மாவு, கழுதையும் மாவு. அதற்கப்புறம் நானும்.

கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். யாரை? அந்தப் பக்கம் இருக்கிறது ஒரே ஆள். "ஏய்" என்றேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "யாராவது இருக்கீங்களா" என்றேன். யார் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பேர் தெரியும். தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் வரவில்லை. சேசுவே என்று கத்தினேன், மாதாவே என்று கத்தினேன். கையில் இருக்கிறவளையே கூப்பிடுகிறேன் பாருங்கள். பேர் வரவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு தரையில் தேய்கிற சத்தம். எதையோ இழுக்கிறாள்.

"மாமா, சுவத்துப் பக்கமா நிக்கீங்க?"

"கட்டில்ல."

"கட்டில் சுவரோரந்தானே கெடக்கு. அந்தக் கோடிக்குப் போங்க. முகத்தத் திருப்பிக்கிடுங்க."

போனேன். திருப்பினேன். கடப்பாரைச் சத்தம் கேட்கும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பொத்தென்று தண்ணீரில் ஒரு செங்கல் விழுந்தது. இன்னொன்று. அப்புறம் மேல் வரிசை மொத்தமாக. கையால் தள்ளியிருக்கிறாள். வெறும் கையால். நான் கட்டின சுவர். அந்தப் பக்கத்து வெளிச்சம் வந்தது. நடுவில் ஒரு முகம், சேலை முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு.

"இது சித்திரையிலயே விழ வேண்டிய சுவரு, மாமா. நூல் பிடிக்காம வச்சிருக்கீங்க. பீரோவ அண்டக் கொடுத்து நிறுத்தி வச்சிருந்தேன்."

எதற்கு என்றேன். அந்த நேரத்திலும் கேட்டேன்.

"நீங்க தூங்கும்போது ஒங்க மேல விழுந்துரக் கூடாதுல்லா."

இடைவெளி பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் பாய ஆரம்பித்தது. உங்க பாதிக்கும் தண்ணி போகுது பார் என்றேன். போகட்டும் என்றாள். செங்கல் மேல் கால் வைத்து ஏறி, இரண்டு கையையும் நீட்டினாள்.

எனக்கு முறை தெரியும். நான் நிற்கிறது வாசல். அவள் நிற்கிறது அடுத்த வீடு. நான் கேட்க வேண்டும், அப்புறம்தான் அவள் சொல்ல வேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகக் கேட்கப்போனேன்.

"இடம் இருக்கு மாமா. குடுங்க" என்றாள்.

நான் கேட்கவே இல்லை. கேள்விக்கு முன்னால் பதில் சொல்வது முறையில்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் கனம் தாங்கவில்லை, கொடுத்துவிட்டேன். குழந்தையை வாங்குகிற மாதிரி அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை வைத்து வாங்கினாள். உள்ளே கொண்டுபோய் உயரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் அங்கேயே நிற்கிறேன்.

"ஏன் நிக்கீங்க? வாங்க."

"சுரூபம் போயிட்டுல்லா. அது போதும்."

"நான் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் மட்டுமா சொன்னேன்? கழுதைக்கும் சேத்துத்தான் சொன்னேன். கையக் குடுங்க."

கழுதை பலகையில்தான் இருந்தது. அவள் யாரைச் சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அந்தப் பக்கம் தரை ஒரு படி உயரம். ரொசாரியுடைய கட்டிலில் என்னை உட்காரவைத்து, துண்டு கொடுத்து, சூடாகக் கஞ்சியும் காணத் துவையலும் கொடுத்தாள். அதே மிளகு, அதே ருசி. ரொசாரி விடியற்காலையிலேயே செய்து வைத்துவிட்டுப் பூசைக்குப் போயிருப்பாள்போலிருக்கிறது.

மழை வெறித்து, வயலுக்குள் தண்ணீர் வடிந்த பிறகுதான் கோயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தெரு முழுக்கச் சேறு. என் கதவு இறுகிக் கிடப்பதைப் பார்த்து கிளமெண்ட் அப்பா அப்பா என்று தட்டியிருக்கிறான். அவன் கை அப்படித் தட்டினால் வலிக்கும். நான் உள்ளேயிருந்து, இந்தப் பக்கம் இருக்கேன்ல என்றேன். அவனிடம் நான் அத்தனை மாதத்தில் பேசின முதல் வார்த்தை அது. ரொசாரி உள்ளே வந்தாள். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள். என் தாடியைப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மருமகளைத்தான் கேட்டாள்.

"பேரு சொன்னாரா?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல, அத்தை" என்றாள் அவள்.

ரொசாரி தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சுரூபம் அன்றைக்கே புறப்பட்டது. பிந்தினதைச் சரிக்கட்ட ஒரே நாளில் இரண்டு வீடு, மூன்று வீடு என்று ஓட்டினார்கள். டீச்சர் வீட்டு வாசலில் அவள்தான் தூக்கிக்கொண்டு நின்று கேட்டாள். கேள்வியை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். சேசடிமை என் வாசலில் நின்று கேட்டதைச் சுவர் வழியாகக் கேட்டு வைத்திருக்கிறாள். டீச்சர் சத்தமாக "உண்டு" என்றார்கள். புதுத் திரையெல்லாம் சேறு. பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சுவரை நான் மறுபடி கட்டவில்லை. செங்கல் ஈரம். காய வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கோயில் நிறைந்திருந்தது. குடிலில் ஏற்றினால் சூசையப்பர் நிற்கவில்லை. பாதம் கரைந்துவிட்டதல்லவா, ஆள் ஒரு பக்கம் சரிகிறார். ஃபாதர் பேப்பர் மடித்து வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. அந்தப் பெண் பூசைக்கு வருகிறவள் இல்லை என்றேனே, அன்றைக்கு ரொசாரி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி வரிசையில் இருந்து எழுந்து, பையைத் திறந்து, ஒரு செங்கலை எடுத்து வந்து காலடியில் கொடுத்தாள். நின்றுவிட்டார். செங்கலைப் பையில் போட்டுக்கொண்டு யார் கோயிலுக்கு வருவார்கள்? அவள் கொண்டு வந்தாள். சரியும் என்று வீட்டிலேயே பார்த்திருக்கிறாள்.

அப்புறம் பேர் சொல்கிற நேரம். மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து சொல்லி வருகிறார்கள். சேசடிமை எழுந்தான். என் கையில் வாங்கினவர் எஸ்தாக்கி என்று சொல்லிவிட்டு, உட்காராமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோயிலே திரும்பிப் பார்த்தது.

எழுந்தேன். முட்டி வலி, கொஞ்சம் நேரமானது. முதலில் உள்ளதைச் சொன்னேன். நான் முறைப்படி கேட்கவில்லை, கேட்பதற்கு முன்னாலேயே இடம் இருக்கு என்று சொல்லி வாங்கிவிட்டாள், அது சட்டப்படி சரியில்லை என்றேன். சிரித்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஃபாதர் சிரிக்கவில்லை.

"சரி அண்ணாச்சி. வாங்கினது யாரு?"

பெண்கள் பக்கம் பார்த்தேன். ரொசாரி குடிலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள், எனக்குத் தெரியும். அந்தப் பெண் தலை குனிந்து, விரலில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கட்டிலைத் தொட்டபோது வராத பேர். பஸ்ஸில் கண்டக்டர் கடைசி ஸீட்டுக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவானே, அப்படிச் சொன்னேன். மைக் தேவைப்படவில்லை.

"இசக்கியம்மாள்."